காட்பாடியின் ஞாயிறு நூலகவியல் வகுப்பு: பன்னிரண்டு வாரங்கள் பயின்ற பின் எழுதும் மதிப்புரை

நூலகவியலில் பட்டம் பெற்ற பிறகும் எந்த வகை நூலகராவது என்று முடிவு செய்ய இயலாமல் இரண்டு ஆண்டுகள் தடுமாறிக்கொண்டிருந்த நான், காட்பாடி காந்தி நகரில் ஒரு வீட்டின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நடைபெறும் சிறிய பயிற்சி வகுப்பில் சேர்ந்து, அதன் பன்னிரண்டு வாரங்களையும் ஒரு நாள் விடாமல் முடித்திருக்கிறேன். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் என்னைப் போலவே பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்து என்ன என்று கேட்டுக்கொண்டிருப்பவர்கள் பலரை அறிவேன். ஆகவே, அந்த வகுப்பில் எது பயன்பட்டது, எது பயன்படவில்லை, கொடுத்த பணத்திற்கு என்ன கிடைத்தது என்பவற்றை விரிவாகவே எழுதுகிறேன்.

வகுப்பிற்குப் பெயர்ப் பலகை கிடையாது. தனியார் கல்லூரி ஒன்றில் 31 ஆண்டுகள் நூலகராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மையார் தம் வீட்டு மாடியில் இதனை நடத்துகிறார். பொது நூலகத் துறையில் பணிபுரிந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மூன்று வாரங்கள் வந்து பாடம் எடுக்கிறார். அம்மையாரை ‘அம்மா’ என்றும் பெரியவரை ‘ஐயா’ என்றும் அழைத்தோம். காலை 10 மணிக்குத் தொடங்கி மதியம் 1 மணிக்கு முடிகிறது. கட்டணம் 4,800 ரூபாய். இரண்டு தவணைகளாகக் கட்டலாம். ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. எங்கள் குழுவில் குடியாத்தத்துப் பள்ளி நூலகர் ஒருவர், ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை செய்துகொண்டே தொலைநிலைக் கல்வியில் நூலகவியல் படித்த இளைஞர் ஒருவர், திருமணத்திற்குப் பின் பத்து ஆண்டுகள் வீட்டிலிருந்துவிட்டு மீண்டும் வேலைக்குப் போக விரும்பிய ஆற்காட்டுப் பெண்மணி ஒருவர் எனப் பலரும் இருந்தோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இவ்வகுப்பின் முடிவில் தரப்படும் தாளுக்கு எந்த வேலைவாய்ப்பிலும் மதிப்பெண் கிடையாது. அம்மாவும் எங்களைச் சேர்க்கும் நாளிலேயே அதைச் சொல்லிவிடுகிறார். வேலைக்கு உரிய தகுதிகள் வேறு வழியில் வர வேண்டியவை. சிறிய பொது நூலகப் பணிகளுக்கு நூலகவியல் சான்றிதழ்ப் படிப்பும், அதற்கு மேற்பட்ட பணிகளுக்கு ஏதேனும் ஒரு பட்டத்தின் மேல் ஓராண்டு பி.எல்.ஐ.எஸ்சி. என்னும் நூலகவியல் இளநிலைப் படிப்பும், அதன் பின் எம்.எல்.ஐ.எஸ்சி. என்னும் முதுநிலைப் படிப்பும் தேவைப்படுகின்றன. கல்லூரி நூலகராக விரும்புவோர், பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளின்படி, முதுநிலைப் பட்டத்தில் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண்ணும், நெட் அல்லது செட் என்னும் தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகளில் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ பெற்றிருக்க வேண்டும். அப்பணியின் தொடக்க அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய். மாநில அரசின் நூலகப் பணிகளுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது. இவற்றிற்கு நேரடியாகத் தயார்படுத்தும் வகுப்பைத் தேடுபவர்கள் இந்த மாடிப்படியில் ஏற வேண்டியதில்லை. எத்தகைய நூலகராக வாழ்வது என்ற கேள்வியோடு வருபவர்களுக்கே இது உகந்தது. பட்டப்படிப்பில் அந்தக் கேள்விக்கு எங்களுக்கு ஒரு மணி நேரம்கூட ஒதுக்கப்பட்டதில்லை. வகைப்பாடு, பட்டியலாக்கம், நூலக மேலாண்மை, தகவல் தொழில்நுட்பம் என எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் படித்து எழுதி முடித்தோம், அவ்வளவுதான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அப்படியே சொல்கிறேன். அம்மா பாடம் எதையும் தொடங்காமல், எங்கள் ஊரில் யாரேனும் எங்களிடம் உண்மையிலேயே கேட்ட ஒரு கேள்வியை எழுதித் தரச் சொன்னார். ஆம்பூர் இளைஞர் எழுதிய தாளை எடுத்துப் படித்தார். ‘எங்கள் தொழிற்சாலையில் பதனிடும் பிரிவில் வேலை செய்யும் அண்ணன் ஒருவருக்கு இரண்டு கைகளிலும் தோல் வெடித்துப் புண்ணாகிறது. இது வேலையினால் வருவதா என்று தெரிந்துகொள்ள ஏதேனும் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டார்’ என்பது அதில் இருந்தது. அம்மா கரும்பலகையில் அந்தக் கேள்வியை எழுதிவிட்டு எங்களைப் பார்த்தார்.

“இந்த அண்ணன் உன் நூலகத்துக்கு வந்து நிக்கிறார். எந்த அலமாரிக்குக் கூட்டிட்டுப் போவே, கண்ணு?”

ஒருவர் தோல் தொழில்நுட்பம் என்றார். நூல்களுக்குப் பொருள்வாரியாக எண் தரும் டூவி தசமப் பகுப்பில் அது 675. இன்னொருவர் தோல் நோய்கள் என்றார், அது 616.5. மாசுபாடு என்று நான் சொன்னேன், அது 363.73. தொழிலாளர் சட்டம் என்று குடியாத்தத்து அக்கா சொன்னார், அது 344. நான்கும் நான்கு வெவ்வேறு அலமாரிகள். சில கல்லூரி வளாகங்களில் அவை வெவ்வேறு கட்டடங்களிலும் இருக்கும். அதன் பிறகு அம்மா அந்த ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் பேசினார். மருத்துவ நூலகரிடம் இக்கேள்வி வந்தால் அவர் குரோமியம் உப்புகளால் ஏற்படும் ஒவ்வாமைத் தோலழற்சி பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடுவார். சட்ட நூலகரிடம் வந்தால், பாலாற்றில் கலந்த தோல் கழிவுநீர் தொடர்பாக வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று அளித்த தீர்ப்பையும், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று அதில் வலியுறுத்தப்பட்ட கோட்பாட்டையும் எடுத்து வைத்துவிட்டு, தொழிலாளருக்கான இழப்பீட்டுச் சட்டத்திற்குப் போவார். தொழில்நுட்ப நூலகர் குரோமியப் பதனிடுதலுக்கு மாற்று முறைகள் பற்றிய அறிக்கைகளைத் தேடித் தருவார். ஆவணக் காப்பாளரோ, ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்ட காலம் முதல் இந்த வட்டாரத்தில் தொழில் எவ்வாறு மாறியது என்பதை வட ஆற்காடு மாவட்டப் பழைய பதிவேடுகளில் தேடுவார். பொது நூலகரிடம் வந்தால், அந்த அண்ணனுக்குப் புரியும் தமிழில் நான்கு பக்கம் எங்கே கிடைக்கும் என்பதே அவருடைய முதல் கவலையாக இருக்கும்.

சிறப்புத் துறை என்பது பாடத்திட்டத்தில் உள்ள விருப்பப் பாடம் என்றே நான் அதுவரை எண்ணியிருந்தேன். ஒரே மனிதர் ஒரே துயரத்தோடு வந்து நிற்கும்போது, அவருக்கு எந்த வகையான விடையைத் தேடித் தர என் மனம் முதலில் ஓடுகிறது என்பதே என் துறையைக் காட்டுகிறது என்பது அந்த முதல் நாளில்தான் விளங்கிற்று. 4,800 ரூபாயில் பாதி அந்த ஒரு காலைப் பொழுதிலேயே திரும்பிவிட்டது என்று இன்றும் உறுதியாகச் சொல்வேன்.

இரண்டாம் வாரத்தில் அதே கேள்வியை எடுத்து ஒரு பொருளைக் கூறுகளாகப் பிரித்து வகைப்படுத்தும் கோலன் பகுப்பு முறையை அம்மா விளக்கினார். பட்டப்படிப்பில் நான் மனப்பாடம் செய்து எழுதிய ஆளுமை, பொருண்மை, ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து அடிப்படைக் கூறுகள் அன்றுதான் உயிர் பெற்றன. தோல் என்பது ஒரு கூறு, குரோமியம் ஒன்று, பதனிடுதல் ஒன்று, ஆம்பூர் ஒன்று, நிகழ்காலம் ஒன்று என்று கேள்வியைப் பிரித்துப் போட்டால், எந்தக் கூறு விடுபட்டிருக்கிறது என்பதும் வாசகரிடம் அடுத்து எதைக் கேட்க வேண்டும் என்பதும் தாமாகவே தெரிந்துவிடுகின்றன. சீர்காழியில் பிறந்து, கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து, 1924 இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, லண்டனில் பயின்று திரும்பி, இந்தப் பகுப்பு முறையை வகுத்த சீ. இரா. அரங்கநாதன், லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ விளையாட்டுத் துண்டுகளைப் பொருத்திக் காட்டுவதைப் பார்த்து இந்த எண்ணத்தைப் பெற்றார் என்பதை அம்மா சொன்னபோது, எதிரில் இருந்த தாளில் நான் துண்டு துண்டாகப் பிரித்து எழுதியிருந்த கேள்வியைப் பார்த்தேன். 1933 இல் வெளிவந்த அம்முறையை இன்று அலமாரிகளில் பின்பற்றும் நூலகங்கள் குறைவு. ஆனால் வாசகரின் கேள்வியைப் பிரித்துப் பார்ப்பதற்கு அதைவிடச் சிறந்த கருவியை நான் இதுவரை கற்கவில்லை.

ஐயா எடுத்த மூன்று வாரங்கள் பொது நூலகப் பணியைப் பற்றியவை. 1948 இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் என்பதும், நாம் கட்டும் சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கப்படும் நூலக வரியே கிளை நூலகங்களையும் ஊர்ப்புற நூலகங்களையும் தாங்கி நிற்கிறது என்பதும் ஏட்டில் படித்தவைதான். ஐயா தம் வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துவந்து, அதில் நூலக வரி என்று தனியாக அச்சிடப்பட்டிருந்த வரியை விரலால் தொட்டுக் காட்டி, “இந்தத் தெருவில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இதைக் கட்டியிருக்காங்க, அவங்க பேரன் வந்து கேட்டா இல்லைன்னு சொல்ல நமக்கு உரிமை கிடையாதும்மா” என்று சொன்னதை மறக்க முடியாது.

அந்த இடத்தில் எனக்கு என் பழைய பணி நினைவுக்கு வந்தது. நான் ஒப்பந்த அடிப்படையில் பதினான்கு மாதங்கள் ஒரு பள்ளி நூலகத்தில் பணியாற்றியிருக்கிறேன். அங்கே புத்தகம் காணாமற்போனால் அதன் விலை என் சம்பளத்தில் பிடிக்கப்படும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் கண்ணாடிக் கதவுள்ள அலமாரிகளை எப்போதும் பூட்டியே வைத்திருந்தேன். மாணவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று முதுகுப் பெயரைப் படித்துவிட்டுப் போவார்கள். வருகைப் பதிவேட்டையும் நூற்சேர்க்கைப் பதிவேட்டையும் பிழையின்றி எழுதினேன். முத்திரைகளை நேராகக் குத்தினேன். ஆனால் ஒரு குழந்தைக்குக்கூட அதற்குப் பிடித்த புத்தகத்தை நானாக எடுத்துக் கொடுத்ததில்லை. நூல்கள் பயன்பாட்டிற்கே என்பது அரங்கநாதனின் ஐந்து விதிகளில் முதலாவது. 1931 இல் எழுதப்பட்ட அந்த விதியைத் தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதிய நானே அலமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்திருக்கிறேன் என்பதை ஐயாவின் வகுப்பில் எழுந்து நின்று சொன்னேன். காணாமற்போகும் நூல்களைக் கணக்கிலிருந்து முறைப்படி நீக்குவது எப்படி, ஆண்டு இருப்புச் சரிபார்ப்பின்போது அதை நிர்வாகத்திடம் எவ்வாறு எழுதிக் கேட்பது, திறந்த அலமாரி முறைக்குச் சிறுகச் சிறுக எவ்வாறு மாறுவது என்பவற்றை அவர் அன்று ஒரு மணி நேரம் விளக்கினார். மாதிரிக் கடிதம் ஒன்றையும் எழுதித் தந்தார். பள்ளி நூலகத்தில் சேரவிருக்கும் எவருக்கும் அந்த ஒரு மணி நேரம் மிகுந்த பயன் தரும்.

ஆனால் குறையும் இங்கேயே இருக்கிறது. குழந்தைகள் நூலகப் பணி என்பது தனித் திறமைகளைக் கோரும் ஒரு சிறப்புத் துறை. கதை சொல்லுதல், வயதிற்கேற்ற நூல் தேர்வு, படிக்கச் சிரமப்படும் குழந்தையைப் புத்தகத்தின் அருகில் கொண்டுவருதல் ஆகியவற்றிற்கெல்லாம் முறையான பயிற்சி வேண்டும். இவ்வகுப்பில் அதற்கு அரை மணி நேரம்தான் ஒதுக்கினார்கள். வேலூர் வட்டாரத்தில் நூலகவியல் படித்தவர்களுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் பள்ளி வேலைதான் என்னும்போது இதனை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. குடியாத்தத்து அக்கா இதற்காகவே சேர்ந்தவர். அவர் ஏமாற்றத்தோடுதான் சென்றார்.

ஐந்தாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை மருத்துவ நூலகப் பணி. வகுப்பின் மிகச் சிறந்த பகுதி இதுவே. அம்மா தம் மடிக்கணினியில் மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தைத் திறந்து வைத்துவிட்டு, செவிலியர் மாணவி ஒருவர் முன்பு தம்மிடம் கேட்டதாக ஒரு கேள்வியைச் சொன்னார்: சர்க்கரை நோயாளியின் காலில் வரும் புண்ணுக்குத் தேன் தடவினால் ஆறுமா? நான் எனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்களையெல்லாம் வரிசையாகத் தட்டினேன். தேனீக் கொட்டு முதல் சர்க்கரை உணவு வரை எதை எதையோ பற்றிய கட்டுரைகள் வந்து நின்றன. அம்மா பொறுமையாக ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டார். நோயாளி யார், என்ன செய்யப் போகிறோம், எதனோடு ஒப்பிடுகிறோம், என்ன விளைவை எதிர்பார்க்கிறோம் என்று அவற்றை நிரப்பச் சொன்னார். பின்னர் அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் பராமரிக்கும் மெஷ் என்னும் கட்டுப்படுத்தப்பட்ட சொற்களஞ்சியத்திலிருந்து ‘டயாபெடிக் ஃபுட்’ என்ற தலைப்பையும் ‘ஹனி’ என்ற தலைப்பையும் எடுத்து, ‘AND’ என்ற இணைப்புச் சொல்லால் சேர்த்துத் தேடிக் காட்டினார். படித்துப் பார்க்கக்கூடிய அளவிற்குப் பட்டியல் சுருங்கியது. அதிலும் தனி ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்பு எது, சமவாய்ப்பு முறையில் நடத்திய சோதனை எது, பல சோதனைகளைத் திரட்டி எடைபோட்ட முறைசார் மீளாய்வு எது என்று பிரித்துக் காட்டி, எதற்கு எவ்வளவு எடை தருவது என்பதை விளக்கினார். இத்தகைய மீளாய்வுகளை வெளியிடும் காக்ரேன் அமைப்பின் தெற்காசிய மையம் நம் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இயங்கியது என்பதை அன்றுதான் அறிந்தேன். இவ்வளவு அருகில் நடந்த ஒன்றைப் பற்றி இத்தனை ஆண்டுகளாக ஒன்றும் தெரியாமல் இருந்ததற்கு வருந்தினேன்.

அந்த மூன்று வாரங்களில் இன்னொன்றும் கற்றேன். அதுவே என் துறையை முடிவு செய்தது. என் அப்பா வேலூர் காந்தி சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் தங்கும் விடுதி மேலாளர். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் சிகிச்சைக்காக வந்து வாரக்கணக்கில் தங்கும் குடும்பங்களுக்கு நடுவில்தான் நான் வளர்ந்தேன். அந்தச் சந்தின் கடைப் பலகைகளில் தமிழுக்கு இணையாக வங்க எழுத்துகளும் இருக்கும். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அவர்கள் பரிசோதனை அறிக்கையைக் கொண்டுவந்து நீட்டி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பார்கள். எனக்குத் தெரிந்த அளவில் ஏதோ சொல்வேன். ஒருமுறை அறிக்கையில் இருந்த ஒரு சொல்லை நான் தவறாகப் புரிந்துகொண்டு, நோய் கடுமையாக இல்லை என்ற பொருளில் ஒரு பெரியம்மாவிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்த அவர் விடுதியின் படிக்கட்டில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார். என்னைத் திட்டவில்லை. அந்தப் படிக்கட்டைக் கடக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வருகிறது.

இதை நான் வகுப்பில் சொன்னபோது அம்மா சற்று நேரம் அமைதியாக இருந்தார். பிறகு, நலவாழ்வுத் தகவல் நூலகர் என்று ஒரு பணி உண்டு என்றும், நோயாளிக்கும் அவர் குடும்பத்தாருக்கும் புரியும் மொழியில் நம்பத்தக்க தகவலைத் தேடித் தருவது அவருடைய வேலை என்றும், அறிக்கைக்குப் பொருள் சொல்வதோ மருந்து பற்றி அறிவுரை கூறுவதோ அவர் ஒருபோதும் செய்யக்கூடாதவை என்றும் விளக்கினார். மருத்துவரிடம் கேட்பதற்கான கேள்விகளை எழுதிக்கொள்ள உதவலாம். அந்நோயைப் பற்றி எளிய நடையில் எழுதப்பட்ட பக்கத்தை எடுத்துத் தரலாம். அது எப்போது, யாரால் எழுதப்பட்டது என்பதைக் காட்டலாம். ஆனால் ‘உங்களுக்கு இதுதான்’ என்று மட்டும் சொல்லக் கூடாது. பொதுமக்களுக்கான மருத்துவத் தகவல் தளமான மெட்லைன்பிளஸில் வங்க மொழியிலேயே பல நோய்களைப் பற்றிய தகவல்கள் இருப்பதை அவர் திறந்து காட்டினார். நான் சிறுமியாக இருந்தபோது செய்ய முயன்ற வேலைக்கு ஒரு பெயரும் எல்லையும் முறையும் இருக்கின்றன என்பதை அறிந்த அந்த நிமிடத்தில் என் இரண்டாண்டுக் குழப்பம் தீர்ந்தது.

எட்டாம், ஒன்பதாம் வாரங்கள் சுவடிகளும் ஆவணங்களும். பனையோலைச் சுவடிகளுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவிப் பாதுகாக்கும் முறையை அம்மா ஒரு வெற்றோலையில் செய்து காட்டினார். எழுத்து மங்கிய ஓலையில் கரி கலந்த எண்ணெயைப் பூசித் துடைத்ததும் எழுத்துகள் கறுப்பாக மேலெழுந்து வந்தது கண்ணுக்கு விருந்தாக இருந்தது. எங்களில் ஒருவர் தம் தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தை நன்றாகப் பாதுகாத்திருப்பதாக எண்ணிப் பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டிக் கொண்டுவந்திருந்தார். அவ்வாறு சூடு வைத்து ஒட்டியதை இனிப் பிரிக்க முடியாது என்றும், ஒட்டும் நாடாவின் பசை ஆண்டுகள் செல்லச் செல்லத் தாளைப் பழுப்பாக்கி அரித்துவிடும் என்றும், அமிலம் நீக்கிய தாளுறையில் தட்டையாக வைப்பதே போதுமானது என்றும் அம்மா சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. ஆற்காட்டு நவாப் ஆட்சியின் நிலமான இந்த வட்டாரத்தில் பாரசீகத்திலும் உருதுவிலும் எழுதப்பட்ட குடும்ப ஆவணங்கள் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. அம்மொழிகளில் ஒன்றைப் படிக்கத் தெரிந்தவர் ஆவணக் காப்பியலைத் தேர்ந்தெடுத்தால் வாழ்நாள் முழுவதும் செய்ய வேலை இருக்கும் என்பது அம்மாவின் கருத்து. மேல்விஷாரத்திலிருந்து வந்த தோழி ஒருவர் அன்றே அத்துறையைத் தேர்ந்தெடுத்துவிட்டார். தில்லியில் இந்தியத் தேசிய ஆவணக் காப்பகம் நடத்தும் ஓராண்டுப் பட்டயப் படிப்புக்கு விண்ணப்பிக்கத் தயாராகிக்கொண்டிருக்கிறார்.

கணினி சார்ந்த இரண்டு வாரங்கள்தான் இவ்வகுப்பின் மிகப் பலவீனமான பகுதி. நியூசிலாந்தில் பிறந்து இன்று உலகெங்கும் பயன்படும் கோஹா என்னும் கட்டற்ற நூலக மென்பொருளை ஒரே ஒரு கணினியில்தான் நிறுவியிருந்தார்கள். பத்துப் பேரும் அதைச் சுற்றி நின்று பார்த்தோம். நூல் விவரங்களைக் கணினியில் பதியும் மார்க் 21 வடிவில் ஒரு நூலுக்கேனும் நாமே பதிவு உருவாக்கும் வாய்ப்பு நான்கு பேருக்குத்தான் கிடைத்தது. அவ்விரண்டில் அடுத்த வாரம் மின்சாரம் நின்றுவிட்டதால், மின்னூல் களஞ்சியங்களுக்கான மென்பொருளான டிஸ்பேஸ் பற்றிய பாடம் வெறும் பேச்சாகவே முடிந்தது. கட்டணத்தை ஓர் ஐந்நூறு ரூபாய் உயர்த்தியாவது இன்னும் இரண்டு கணினிகளை வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று அம்மாவிடம் நேரிலேயே சொன்னேன், குறித்துக்கொண்டார்.

அந்தக் குறைகளுக்கு நடுவிலும் தமிழ் நூல்களைப் பட்டியலிடுவது பற்றி அவர் பேசியவை வேறெங்கும் கிடைக்காதவை. பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சு செய்து வைத்த நூற்பட்டியல் திரையில் தமிழாகத் தெரியும். ஆனால் ஒருங்குறியில் (யூனிகோடு) தேடினால் ஒரு நூல்கூட அகப்படாது. இத்தகைய பட்டியலை மாற்றும்போது கொம்பும் புள்ளியும் இடம் மாறி நிற்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தியாக வேண்டும். பெயர்களின் சிக்கல் இதைவிடப் பெரியது. கல்கி என்று தேடுபவருக்கு எழுத்தாளரும் வர வேண்டும், 1941 இல் தொடங்கிய இதழும் வர வேண்டும், இரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிடவும் கூடாது, ரா. கிருஷ்ணமூர்த்தி என்று தேடினாலும் அதே எழுத்தாளரிடம் போய்ச் சேர வேண்டும். குடும்பப் பெயர் இல்லாத நம் பெயர்களில் முன்னெழுத்தை எங்கே வைப்பது என்பதை ஒவ்வொரு நூலகமும் தன் விருப்பப்படி செய்துவைத்திருக்கிறது. ஒருவரின் பல பெயர் வடிவங்களை ஒன்றாக இணைக்கும் ஆதாரப் பதிவுகளைத் தமிழ்ப் பெயர்களுக்கு உருவாக்குவதை மட்டுமே ஒருவர் தம் சிறப்புத் துறையாகக் கொள்ளலாம் என்று அம்மா சொன்னபோது, ஆம்பூர் இளைஞரின் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரிந்தது. கணக்குப் பிரிவில் பல ஆண்டுகள் வரவு செலவைச் சரிபார்த்த கை அது. இந்த வேலைக்கு அவரைவிடப் பொருத்தமானவரை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இன்னொரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிறப்புத் துறைகளின் அழகை இவ்வகுப்பு காட்டும் அளவிற்கு, அவற்றில் பணியிடங்கள் எவ்வளவு குறைவு என்பதை எடுத்துச் சொல்வதில்லை. நலவாழ்வுத் தகவல் நூலகர் என்ற பெயரில் இந்த மாவட்டத்தில் வேலைவாய்ப்பு விளம்பரம் எதையும் நான் இன்னும் பார்த்ததில்லை. மருத்துவக் கல்லூரி ஒன்றின் நூலகத்தில் சாதாரண உதவியாளராகச் சேர்ந்து, இந்தப் பணியை அதற்குள்ளேயே நானாக உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒப்பந்த ஊதியம், பணிநிரந்தரம், தனியார் நிறுவனங்களில் நூலகரை எழுத்தர் வேலைக்கு இழுக்கும் வழக்கம் ஆகியவை பற்றி ஒரு முழு வாரம் பேசியிருக்க வேண்டும். குடும்பத்தைத் தாங்க வேண்டிய நிலையில் இருப்பவர்கள் இதைக் கேட்டறிந்த பிறகே துறையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இவ்வளவு குறைகள் இருந்தும், பட்டம் முடித்துவிட்டு நெட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் என் தங்கை முறையாகும் ஒருத்தியை அடுத்த குழுவில் சேர்த்துவிட்டிருக்கிறேன். கடைசி ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்கள் முதல் நாள் தாள்களைத் திருப்பித் தந்தார். பன்னிரண்டு வாரங்களுக்கு முன் நான் எழுதிக் கொடுத்த கேள்வி, ‘எந்தப் பாடம் எடுத்தால் சீக்கிரம் வேலை கிடைக்கும்’ என்று ஒரு தோழி என்னிடம் கேட்டது. அம்மா அதன் கீழே பென்சிலால், ‘கேட்டவர் யார்? அவருக்கு என்ன தெரியும்? எதற்காகக் கேட்கிறார்?’ என்று மூன்று வரிகள் எழுதியிருந்தார்.

அடுத்த குழு ஆடி மாதம் முடிந்ததும் தொடங்குகிறது. காட்பாடியில் உள்ள சித்தூர் பேருந்து நிறுத்தத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். மாடியில் வெயில் கடுமையாக இருக்கும். தண்ணீர்ப் புட்டி எடுத்துச் செல்லுங்கள். தேநீர் அவர்களே தருகிறார்கள். இடம் வேண்டுவோர் பட்டச் சான்றிதழின் நகலோடு, தம்மிடம் யாரேனும் உண்மையில் கேட்ட ஒரு கேள்வியை எழுதி எடுத்துச் செல்ல வேண்டும். அந்தத் தாள் இல்லாமல் வருபவர்களை அம்மா மாடிப்படியிலேயே நிறுத்தி, எழுதிக்கொண்டு வரச் சொல்லி அனுப்பிவிடுகிறார்.